இலையா? இரவா?

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கிற நண்பர்களே, எங்கள் அணியின் சகோதரிகளே, மயிலுக்கும் மனுஷனுக்கும் ஒரே தெருவில் இடம் கொடுத்து வாழ்கிற விராலிமலைப் பெருமக்களே, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்று சொன்னேன். கவனிச்சீங்களா அய்யா? இரவுக் காட்சி பார்க்க உட்கார்ந்தவங்க கையிலே கூட முதல்ல இருக்கிறது தட்டு! இதோடு நான் உட்கார்ந்தாலே எங்கள் அணி ஜெயிச்ச மாதிரிதான். (சிரிப்பு)

தலைப்பு என்ன? "விடுமுறைக்குப் போய் வந்த கணவன் மனைவி நெஞ்சில் நிலைத்து நிற்பது, இலையில் விழுந்த சோறா? இரவில் பார்த்த கூத்தா?" நான் சோற்றுக் கட்சி. என்னைப் பார்த்தாலே தெரியும். நடுவர் என் வயிற்றைப் பார்த்துத்தான் அணி பிரிச்சிருக்கிறார். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய தம்பி, புதுசாக் கல்யாணம் ஆனவர், சிங்கப்பூர் போன கதையைச் சொன்னார். மெரினா பே தண்ணியிலே லேசர் விளக்கு ஆடுச்சாம், பாட்டுக் கேட்டுச்சாம், ராத்திரி பகலாத் தெரிஞ்சுதாம். ரொம்பச் சந்தோஷம். தம்பி, அந்த விளக்குக் காட்சி எத்தனை நேரம்? பதினஞ்சு நிமிஷம். அது முடிஞ்சதும் ரெண்டு பேரும் எங்கே போனீங்க? அதை இங்கே சொல்லாமல் மறைச்சிட்டார். ஆனா வரும்போது வேனில் என்கிட்டே சொல்லிட்டார்! சிராங்கூன் ரோட்டுக்குப் போய் கோமள விலாஸ் எங்கேன்னு தேடியிருக்காங்க. 1947-லே ஆரம்பிச்ச கடை அய்யா அது. கடல் தாண்டிப் போன தமிழனுக்கு எழுபது எண்பது வருஷமா இட்லி கொடுத்துக்கிட்டிருக்கு. அங்கே ஒரு தோசையைப் பார்த்ததும் புதுப் பொண்ணு கண்ணிலே தண்ணி வந்துடுச்சாம். லேசருக்கு வராத கண்ணீர் தோசைக்கு வந்திருக்கு. அப்போ எது நெஞ்சிலே நின்னுது? (கைதட்டல்)

வள்ளுவரைக் கேட்போம். தமிழ் வாத்தியார் வள்ளுவரைக் கூப்பிடாமல் போனால் பென்ஷன் வராது. விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரம் முழுசா வைத்தார், ஒன்பதாவது அதிகாரம். கூத்துப் பார்த்தலுக்கு அதிகாரம் உண்டா? கிடையாது. நிலையாமையைச் சொல்ல வந்த இடத்தில், 332-ஆவது குறளில், கூத்தைத் தொடுகிறார். அங்கேயும் என்ன சொல்கிறார்? செல்வம் எப்படி வரும், எப்படிப் போகும் என்றால், கூத்துப் பார்க்க வந்த கூட்டம் மாதிரி வரும், கூத்து முடிந்ததும் அந்தக் கூட்டம் மாதிரியே கலைந்து போகும் என்கிறார். நிலைக்காத ஒன்றுக்கு உவமை வேண்டும் என்று தேடிய வள்ளுவர் கையில் அகப்பட்டது கூத்துக் கூட்டம்தான். எதிரணி இதற்கு ஒரு பதில் சொல்லட்டும். நான் காத்திருக்கிறேன்.

சரி. இப்போ என் கதைக்கு வர்றேன். இந்த விராலிமலையில் நடந்த கதை. அதனாலே பொய் சொல்ல முடியாது. சொன்னால் முன் வரிசையில் இருக்கிறவரே எழுந்து நிப்பார்.

எனக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். இந்த இருபத்தேழு வருஷத்திலே நான் தமிழ்நாட்டிலே கால் வைக்காத ஊர் குறைவு. மேடை மேடையாப் போயிருக்கேன். ஆனா வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கிட்டு, பிள்ளைகள் இல்லாமல், நாங்க ரெண்டே பேர் ஒரு ஊருக்குப் போய்த் தங்கினது? சைபர். அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்குன்னு சொல்லியே ரெண்டு பிள்ளைகளும் வளர்ந்து வேலைக்குப் போயாச்சு. ஒருநாள் நான் வீரமா அறிவிச்சேன். "கிளம்பு. நாலு நாள் விடுமுறை. திருச்சி, விராலிமலை, புதுக்கோட்டை, சித்தன்னவாசல்." அவங்க பெட்டியைத் திறந்து புடவை எடுத்து வைக்கிறாங்க. அடியிலே என் ஜிப்பாவும் துண்டும் குறிப்பு நோட்டும் இருக்கு. திருச்சியிலே மூணாவது நாள் ஒரு கல்லூரியில் எனக்குப் பேச்சு! அதை ஒட்டி வைத்த விடுமுறைதான் இது. அவங்க ஒண்ணும் சண்டை போடலை. "உங்க பேச்சுக்கு நடுவிலே ஒரு ஓரமா எனக்கும் இடம் போட்டிருக்கீங்க, சரி"ன்னு சொல்லிட்டுப் பெட்டியை மூடினாங்க.

சண்டை போட்டிருந்தால் நல்லா இருந்திருக்கும் அய்யா.

திருச்சியிலிருந்து இந்த ஊர் முப்பது கிலோமீட்டர். மத்தியானம் வந்து இறங்கினோம். நல்ல பசி. மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. நாலு மேசை. தலைவாழை இலை போட்டாங்க. தண்ணி தெளிச்சதும் எங்க அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? சட்டுன்னு எழுந்துட்டாங்க. எனக்குத் தண்ணி எடுத்து வைக்க! பரிமாறின பெரியவர் சொன்னார், "உட்காருங்கம்மா. எல்லாம் நான் கொண்டாறேன். நீங்க சாப்பிடுங்க." உட்கார்ந்தாங்க. சாம்பார் வந்ததும் மறுபடி எழப் பார்த்தாங்க. பழக்கம். கால் கேட்கலை.

அன்னைக்குத்தான் நான் ஒன்றைக் கவனிச்சேன். இருபத்தேழு வருஷத்திலே என் மனைவி முழுசா ஒரு சாப்பாடு சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை! நான் சாப்பிடுவேன், கையிலே ஒரு புத்தகம் இருக்கும். அவங்க நிற்பாங்க. நான் கை கழுவிட்டு எழுதப் போயிடுவேன். அதுக்குப் பிறகு அவங்க சாப்பிடுவாங்க. என்ன சாப்பிடுவாங்க, எவ்வளவு சாப்பிடுவாங்க, யாருக்குத் தெரியும்? அன்னைக்குப் பார்க்கிறேன், அப்பளத்தை உடைக்காமல் இலை ஓரத்திலே காவல் காத்துக் கடைசி வரைக்கும் வெச்சிருக்காங்க. மோர்ச் சோற்றுக்கு அதைத் தொட்டுக்கிறாங்க, சின்னப் பிள்ளை மாதிரி. ரசத்தை உள்ளங்கையிலே வாங்கிக் குடிக்கிறாங்க. வத்தக்குழம்பை ரெண்டாம் தரம் கேட்டு வாங்கினாங்க. எனக்கு வத்தக்குழம்பு பிடிக்காது. அதனாலே எங்க வீட்டிலே அது கிடையாது. அவங்களுக்குப் பிடிக்கும்னு எனக்கு யாரும் சொல்லலை. நானும் கேட்கலை. (அமைதி)

சாயங்காலம் மலை ஏறினோம். இருநூற்றுச் சொச்சம் படி. நான் பத்துப் படிக்கு ஒரு தடவை அருணகிரிநாதரைப் பற்றிப் பேசற சாக்கிலே நின்னுக்கிட்டேன். (சிரிப்பு) அருணகிரியார் பாடிய தலம் அய்யா இது, மூச்சு வாங்கினாலும் கௌரவமா வாங்கலாம். மேலே ஆறுமுகன், வள்ளி தெய்வானையோட மயில் மேலே. கீழே பாறை இடுக்கிலே நிஜ மயில் அகவுது.

இங்கே சாயரட்சையிலே முருகனுக்குச் சுருட்டு வைத்துப் படைக்கிற வழக்கம் ஊர்க்காரங்களுக்குத் தெரியும். தொலைக்காட்சியிலே பார்க்கிறவங்களுக்காகச் சொல்றேன். கருப்பமுத்துன்னு ஒரு பக்தர். முருகனைப் பார்க்க வழக்கமா வர்றவர். ஒரு ராத்திரி நல்ல மழை, காத்து, ஆத்திலே வெள்ளம். நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நிக்கிறார். ஒரு சுருட்டு இருந்தாத் தேவலைன்னு நினைக்கிறார். பக்கத்திலே ஒரு ஆள் வர்றார். சுருட்டும் கொடுத்து நெருப்பும் கொடுத்து, கூடவே நடந்து வந்து கோயிலிலே விட்டுட்டுக் காணாமல் போயிடறார். உள்ளே போய்ப் பார்த்தா, சுவாமி முன்னால் சுருட்டு! பின்னாலே புதுக்கோட்டை மன்னர் ஒருத்தர் இதை நிறுத்தச் சொன்னாராம், முருகன் அவர் கனவிலே வந்து கேட்டாராம், வழக்கம் திரும்பிடுச்சாம். இது ஊர் சொல்கிற கதை.

எதிரணி அம்மா இந்தக் கதையைத் தன் கட்சிக்குச் சேர்த்துக்கிட்டாங்க. இரவு, மழை, இருட்டு, அதனாலே இரவுதான் இன்பம்னாங்க. அம்மா, அந்த ராத்திரியிலிருந்து இந்த ஊர் எதை எடுத்து வெச்சுக்கிட்டிருக்கு? மழையையா? இருட்டையா? கொடுத்த சுருட்டை! ஒருத்தன் தேவை அறிஞ்சு இன்னொருத்தன் கை நீட்டினான் பாருங்க, அதை. (கைதட்டல்) சுருட்டு சோறு இல்லையேன்னு நடுவர் பார்க்கிறார். வாய்க்குப் போறது எல்லாம் எங்க கணக்கு அய்யா. ஆனா ஒண்ணு, இங்கே உட்கார்ந்திருக்கிற ஆம்பளைகள் இதைச் சாக்கா வெச்சு வீட்டிலே பத்த வைக்காதீங்க. அது ஆண்டவனுக்கு மட்டும்தான் ஒத்துக்கும். நமக்கு நெஞ்சைக் கெடுக்கும். (சிரிப்பு)

அடுத்து எதிரணியின் பெரிய ஆயுதம், விராலிமலைக் குறவஞ்சி. அதை மட்டும் நான் கேலி பண்ண மாட்டேன். மகா சிவராத்திரி அன்னைக்கு விடிய விடிய இந்த ஊரிலே ஆடின நாட்டியம். பாடுறதும் ஆடுறதும் ஒரே ஆள். சதிர்னு பேரு. முப்பத்திரண்டு பெண்கள் ஆடின கோயில். அந்த மரபிலே கடைசியா மிஞ்சியவர் முத்துக்கண்ணம்மாள் அம்மையார். ஏழு வயசிலே காலிலே சலங்கை கட்டினவர். 2022-லே பத்மஸ்ரீ வந்தது. இந்த ஊர் ஒரு நாள் நிமிர்ந்து நடந்தது.

நடுவிலே என்ன ஆச்சு? 1947-லே சென்னை மாகாணத்திலே தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1948-லே புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அந்தச் சட்டத்துக்கு வழி போட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-லே இதே புதுக்கோட்டையிலே பிறந்தவர், அந்தக் குலத்துத் தாய் வயிற்றிலேயே பிறந்தவர். அவர் செய்தது சரி. ஒரு பெண் குழந்தையைக் கேட்காமலே அவள் வாழ்க்கையை எழுதி வைக்கிறதை யார் சரின்னு சொல்ல முடியும்? அதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். ஆனா சட்டம் வந்த மறுநாள் காலையிலே அந்த வீடுகளிலே உலை வைக்க அரிசி இருந்ததான்னு எத்தனை பேர் கேட்டாங்க? ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்த்த கூட்டம் விடிஞ்சதும் கலைஞ்சு வீட்டுக்குப் போயிடுச்சு, சாப்பிட. ஆடின கால் என்ன சாப்பிட்டது? எதிரணி அம்மா, நீங்க கூத்தைப் பற்றி எட்டு நிமிஷம் பேசினீங்க. ஆடினவங்க இலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசலை. (நீண்ட கைதட்டல்)

ராத்திரிக்கு வர்றேன். தம்பி சிங்கப்பூர் ராத்திரி சொன்னார். நான் விராலிமலை ராத்திரி சொல்றேன். பத்தரை மணி. கடைவீதி அடங்கிடுச்சு. மதுரை ரோட்டுப் பக்கம் மட்டும் ஒரு தாளம் கேட்குது. டக்கட டக்கட டக்கட... தோசைக்கல் மேலே கொத்துப் பரோட்டா! கரண்டியும் தட்டும் சேர்ந்து தனி ஆவர்த்தனம். லாரிக்காரங்க, பஸ்ஸைத் தவற விட்டவங்க, கல்யாண வீட்டுக்குச் சமையல் பண்ணிட்டுத் தான் சாப்பிடாமல் வந்த ஆளுங்க, எல்லாரும் பெஞ்சிலே. குழல் விளக்கைச் சுத்தி ஈசல். "எங்களுக்கும் நைட் லைஃப் உண்டு"ன்னு நான் சொன்னேன். எங்க அம்மா சிரிச்சாங்க.

மலை ஏறிட்டு வந்த உடம்பு, இன்னைக்குச் சைவம்தான்னு ஆணை. பக்கத்து மேசைக்கு முட்டை மாஸ் போகுது. புதுக்கோட்டைச் சீமைக்கே உரிய அயிட்டம். என் கண்ணும் அது கூடவே போகுது. "இந்தப் பக்கம் பாருங்க"ன்னு ஒரு குரல். பார்த்தேன். (சிரிப்பு) தோசை சொன்னோம்.

கடைப் பையன், இருபது வயசிருக்கும், அவங்களைப் பார்த்துக் கேட்டான். "அம்மா, உங்களுக்கு முறுகலா, மெதுவா?"

நான் முந்திக்கிட்டுச் சொன்னேன். "அவங்களுக்கு முறுகல்." எனக்குத்தான் தெரியுமே! வீட்டிலே எப்பவும் ஓரம் கருகினது, பிய்ஞ்சது, கடைசித் தோசை, அதைத்தானே சாப்பிடுவாங்க. பிடிச்சுத்தான் சாப்பிடறாங்கன்னு நான் நினைச்சிருக்கேன், முனைவர் பட்டம் வாங்கின நான்! அந்தப் பையன் என்னைப் பார்க்கலை. அவங்களையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். அவங்க உடனே பதில் சொல்லலை. யோசிக்கிறாங்க. ஒரு தோசைக்கு எதுக்கு இவ்வளவு யோசனைன்னு எனக்குத் தோணுது. அப்புறம் மெல்லச் சொன்னாங்க. "மெதுவா. சூடா கொடு தம்பி."

அவ்வளவுதான் அய்யா. ரெண்டு வார்த்தை. எனக்குத் தோசை இறங்கலை.

சாப்பிட்டு முடிச்சு டீ வாங்கிக்கிட்டு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். மலைக்கோயில் விளக்கு தெரியுது. அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏங்க, நீங்க மேடையிலே பாணன், விறலின்னு பேசுவீங்களே, டிவியிலே பார்ப்பேன். அந்த விறலி அவன் கூடவே போவா இல்ல?"

விராலிமலைக்கு வந்து விறலியைக் கேட்கிறாங்க! ஊர்ப் பேருக்கும் அந்தச் சொல்லுக்கும் எழுத்தும் வேறே, பொருளும் வேறே. விராலி ஒரு செடி, விறலி ஆடுகிறவள். அந்த விளக்கத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். நல்ல வேளை, மூடிட்டேன். அவங்க கேட்டது சொல்லாராய்ச்சி இல்லை. ஆமாம்மா, கூடவே போவா. காடு மேடெல்லாம் கூடவே நடப்பா. அவன் யாழைச் சுமப்பான், அவள் பாடி ஆடுவாள். அரசன் வாசலிலே ரெண்டு பேரும் சேர்ந்தே நிற்பாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பரிசு. "கூடவே போவா"ன்னு மட்டும் சொன்னேன். "அதான் கேட்டேன்"னாங்க.

நடுவர் அவர்களே, இங்கேதான் என் வாதம் இருக்கு. சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடியது. இருபத்தஞ்சு வருஷமாப் பாடம் நடத்தறேன். அதிலே ஒரு ஏழைப் பாணன் வீட்டு அடுக்களை வரும். கண் திறக்காத குட்டிகளோட ஒரு நாய், பசியிலே குரைக்குது. கூரை இற்றுப் போச்சு. அந்த வீட்டுப் பெண் குப்பையிலே முளைச்ச கீரையைக் கிள்ளி வேக வைக்கிறாள். போட உப்பில்லை. அதைச் சுற்றத்தோட சாப்பிடப் போறப்போ என்ன செய்யறா? கதவைச் சாத்தறா. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துடக் கூடாதேன்னு நாணம். இந்த இடத்தை நடத்தறப்போ எனக்கே குரல் தழுதழுக்கும். பிள்ளைகள் கண் கலங்குவாங்க. "சார் அழுதுட்டார்"ன்னு பேரு கூட வாங்கியிருக்கேன். அதே ராத்திரி வீட்டுக்குப் போவேன். மூடி வெச்ச சோற்றைச் சாப்பிடுவேன். அதுக்கப்புறம் எங்க வீட்டு அடுக்களையிலே ஒருத்தி தனியா உட்கார்ந்து கடைசித் தோசை சாப்பிடறா. எங்க வீட்டிலே உப்பு இருக்கு, அரிசி இருக்கு, கதவும் திறந்துதான் இருக்கு. நான்தான் எட்டிப் பார்க்கலை.

அதே பாட்டிலே முடிவு என்ன தெரியுமா? அந்தப் பாணன் நல்லியக்கோடன் அரண்மனைக்குப் போறான். வீமன் செய்த சமையல் நூல்லே சொன்னபடி சமைச்ச சாப்பாடு. பொன் கலம். அதெல்லாம் பெரிசில்லை. ராஜா என்ன செய்யறான்? வேலைக்காரனை விட்டுப் போடச் சொல்லலை. உங்களுக்கு எது பிடிக்கும்னு பார்த்துப் பார்த்து, தானே பக்கத்திலே நின்னு ஊட்டறான். யானை கொடுத்ததை, தேர் கொடுத்ததை எத்தனையோ புலவன் பாடியாச்சு. நின்னு பரிமாறினதை இந்தப் புலவன் பாடி வெச்சான். அந்த ராத்திரி அரண்மனையிலே கூத்து நடந்திருக்கும், முழவு அடிச்சிருக்கும். ஆனா பசிச்சு வந்தவன் நெஞ்சிலே நின்னது, ஒருத்தன் நின்னது.

எதிரணி இப்போ என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். "பேராசிரியரே, நீங்க தோசை சாப்பிட்டதே ராத்திரி பதினோரு மணிக்குத்தானே! அப்போ நீங்களும் இரவுக் கட்சிதானே!" சொல்லுவாங்க. வக்கீல் மாதிரி பேசற அம்மா. நான் ஒத்துக்கறேன், அது ராத்திரிதான். நல்ல ராத்திரிதான். காத்து நல்லா இருந்தது. மயில் ஒண்ணு தூக்கத்திலே கத்திச்சு. ஆனா அந்தப் பையன் "முறுகலா, மெதுவா"ன்னு கேட்காமல் இருந்திருந்தால், அது நான் பார்த்த ஆயிரம் ராத்திரியிலே ஒரு ராத்திரி.

திருச்சிப் பேச்சு என்ன ஆச்சுன்னு நடுவர் கேட்கிறார். போனேன் அய்யா. ஒத்துக்கிட்ட கூட்டம், போகாமல் இருக்க முடியுமா? ஆனா அவங்களும் வந்தாங்க. முதல் தடவையா. கூட்டம் முடிஞ்சு விருந்து வெச்சாங்க. எனக்கு இலை போட்டதும், நான் எழுந்து அவங்களைக் கூப்பிட்டு என் இலையிலே உட்கார வெச்சுட்டுப் பரிமாறப் போனேன். சாம்பாரை அவங்க புதுப் பட்டுப் புடவையிலே கொட்டினேன்! (பெரும் சிரிப்பு) நல்லியக்கோடனுக்குக் கை பழகியிருந்தது போல, எனக்கு இல்லை. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கறை போகலை. பீரோவைத் திறக்கிறப்போ எல்லாம் அதை எடுத்துக் காட்டறாங்க. திட்டறதுக்கா, வேறே எதுக்கான்னு எனக்கு இன்னும் பிடிபடலை.

இப்போ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்க வீட்டிலே நான்தான் தோசை ஊத்தறேன். வட்டமா வராது. இலங்கை வரைபடம் மாதிரி வரும். முதல் தோசை அவங்களுக்கு. கடைசித் தோசை எனக்கு. கருகினது நல்லாவே இல்லை அய்யா! இருபத்தேழு வருஷம் எப்படித்தான் சாப்பிட்டாங்களோ! (சிரிப்பு, கைதட்டல்)

மணி அடிச்சிட்டார் நடுவர். முடிச்சுக்கறேன். இன்னைக்கு இந்த மேடைக்கும் அவங்க கூடவே வந்திருக்காங்க. அதோ, மூணாவது வரிசையிலே, பச்சைப் புடவை. காமிராவை அந்தப் பக்கம் திருப்பாதீங்க தம்பி, வீட்டுக்குப் போய் எனக்குத்தான் விழும். தீர்ப்பை அய்யா சீக்கிரம் சொல்லிட்டா நல்லது. பத்தரை மணி ஆகப் போகுது. மதுரை ரோட்டிலே கல்லு காய்ஞ்சிருக்கும். இன்னைக்கு மலை ஏறலை, அதனாலே முட்டை மாஸுக்கு அனுமதி வாங்கியாச்சு.

வணக்கம்.